ஆன்லைனில் திரைக்கதை படிக்கப்போகிறவர்களுக்கு: வீடியோவை நிறுத்திவிட்டு எழுதுங்கள்

நான் முதலில் சேர்ந்த ஆன்லைன் திரைக்கதை வகுப்பில் ஒரு வீடியோ விடாமல் பார்த்து முடித்தேன். இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தேன். திருப்புமுனை, கதாபாத்திரத்தின் தேவை, மூன்று அங்கம் என்று கலர் பேனாவில் அடிக்கோடெல்லாம் போட்டு வைத்திருந்தேன். எழுதிய காட்சிகள் எத்தனை என்று கேட்டால், பூஜ்யம். சான்றிதழ் மட்டும் ஒழுங்காக மின்னஞ்சலில் வந்துவிட்டது. அடுத்து ஒன்றில் சேர்ந்து பாதியில் விட்டேன். மூன்றாவதில்தான் ஒருவழியாக 12 பக்கத்தில் ஒரு குறும்படத் திரைக்கதையை முடித்தேன், அதுவும் அந்த வகுப்பு மற்ற இரண்டையும்விடப் பிரமாதமாக இருந்தது என்பதற்காக இல்லை, வாரம் 3 பக்கம் அனுப்பாவிட்டால் அடுத்த பாடம் திறக்காது என்று அதில் ஒரு கறாரான விதி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அனுபவத்திலிருந்து எனக்கு ஒன்று தெளிவானது. திரைக்கதையின் அடிப்படை விஷயங்கள் மொத்தமே கொஞ்சம்தான், ஒரு வார இறுதியில் கேட்டுவிடலாம். அவை கைக்கு வருவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். அதனால் வகுப்பை எப்படிப் பார்ப்பது என்பதைவிட, வகுப்பை வைத்து எப்படி எழுதுவது என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

எந்த வகுப்பு?

பாடத்திட்டத்தைத் திறந்ததும் நான் தேடுவது ஒன்றே ஒன்று: நான் எழுதியதை யாராவது படிப்பார்களா? பேர்பெற்ற எழுத்தாளர் கேமரா முன்னால் உட்கார்ந்து தன் அனுபவத்தைச் சொல்லும் வகுப்புகள் பார்க்கச் சுகமாக இருக்கும், பார்த்த அன்றைக்கு ராத்திரி தூக்கம்கூட வராது, ஆனால் உங்கள் பக்கத்தை அவர் படிக்கப்போவதில்லை. பதிவுசெய்த வகுப்பாக இருந்தாலும் சக மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் நல்லது. கோர்ஸெரா என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வகுப்பு ஒன்று அந்த மாதிரி, ஒரு தொடரின் முதல் எபிசோடை முழுசாக எழுதி முடிப்பதுதான் அதன் வேலையே. நேரலைப் பட்டறை என்றால் இன்னும் நல்லது, ஆனால் ஒரு குழுவில் எத்தனை பேர் என்று பாருங்கள். 10 பேருக்கு மேல் போனால் உங்கள் பக்கத்துக்குக் கிடைப்பது நாலு நிமிடம்தான்.

அப்புறம், வகுப்பு முடிவதற்குள் எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று பாருங்கள். எங்குமே எண் இல்லையென்றால் அது ரசனை வகுப்பு. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு சேருங்கள். சான்றிதழைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எந்தத் தயாரிப்பாளரும் அதைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் பாடத்துக்கு முன்னாலேயே ஒன்லைன் கையில் இருக்கட்டும்

வெறும் கையோடு வகுப்புக்குள் போனால், சொல்லித்தரும் எல்லாமே தத்துவமாகத்தான் கேட்கும். ஒரு சின்னக் கதையோடு போனால் ஒவ்வொரு பாடமும் 'என் கதையில் இது எங்கே?' என்ற கேள்வியாக மாறிவிடும். பெரிய படத்துக்கான கதை வேண்டாம், பல வருடம் மனதில் பொத்தி வைத்திருக்கும் அந்தக் கனவுக் கதை கண்டிப்பாக வேண்டாம், அதைக் கற்றுக்குட்டிக் கையால் தொட்டுக் கெடுத்துக்கொள்வீர்கள். 10 பக்கத்தில் முடிகிற, இரண்டு மூன்று பேர் மட்டும் வருகிற ஒன்று போதும்.

ஒன்லைன் என்பது கதையைச் சில வரிகளில் சுருக்கிச் சொல்வது, அதில் நாலு விஷயம் தெரிய வேண்டும். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எது பறிபோகும். உதாரணத்துக்கு நான் இப்போது யோசித்த ஒன்று: கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது சேகரின் தொழில். அவனுடைய மனைவி மீராவே அவனிடம் பயிற்சிக்கு வருகிறாள். லைசென்ஸ் கிடைத்த அன்றே அவனைவிட்டுப் போய்விடுவது என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். பாதிப் பயிற்சியில் அது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இனி அவன் ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பானா?

கடைசியில் தானாக ஒரு கேள்வி வந்து நிற்கிறது பாருங்கள், அது வந்தால் ஒன்லைன் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 'பிரியப்போகும் ஒரு தம்பதியின் உணர்ச்சிப் போராட்டம்' என்று எழுதியிருந்தால் அது போஸ்டருக்கு ஆகும், அதை வைத்து அடுத்த காட்சியை யோசிக்க முடியாது. ஒன்லைனை மூன்று நண்பர்களிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் சரி. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் மாற்றுங்கள்.

வடிவம்: ஒரு சாயங்காலம் போதும்

எல்லா வகுப்பிலும் முதல் வாரம் வடிவத்தைப் பற்றித்தான் இருக்கும். சர்வதேச அளவில் புழங்கும் வடிவம் இதுதான்: காட்சித் தலைப்பு (உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா), அதன் கீழே நடப்பதைச் சொல்லும் வரிகள், நடுவில் பேசுபவரின் பெயர், அதற்கடியில் வசனம். கூரியர் எழுத்துரு, அளவு 12, இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் இடைவெளி. ஏன் இன்னும் தட்டச்சுக் காலத்து எழுத்துருவைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்றால், இந்த அளவில் எழுதினால் ஒரு பக்கம் சுமாராக ஒரு நிமிடப் படம் என்று கணக்கு வைக்க முடிகிறது. 110 பக்கம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கேதான் சிக்கல், அதை வெளிநாட்டு வகுப்புகள் சொல்லித்தராது. கூரியரில் தமிழ் எழுத்தே கிடையாது, நம் சொற்களும் நீளம், அதனால் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு அப்படியே பொருந்தாது. காட்சியை நடித்துப் படித்து, கைபேசியில் நேரம் பார்த்துக்கொள்வதுதான் வழி. நம் சினிமாவில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடதுபக்கம் காட்சி, வலதுபக்கம் வசனம் என்று எழுதுகிற பழக்கமும் உண்டு. இரண்டில் எதுவானாலும் சரி, வகுப்பில் கேட்பதை அங்கே பின்பற்றுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். ஃபவுண்டன் என்று ஒரு எழுத்துமுறை இருக்கிறது, சாதாரண நோட்பேடில் எழுதினாலே அதைப் படித்துத் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றிக்கொடுக்கும் இலவசச் செயலிகள் உண்டு. அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துத்தான் கதாபாத்திரப் பெயரைக் கண்டுபிடிக்கும், தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, எனவே பெயருக்கு முன்னால் @ குறி போட வேண்டும். காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எதில் எழுதினாலும் முதல் பக்கத்தை எழுதியதுமே பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள், கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்து நிற்பதை 40 பக்கம் எழுதிய பிறகு கண்டுபிடிப்பது கொடுமை.

மூன்று அங்கம், அதிகம் மெனக்கெட வேண்டாம்

கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொல்லி 2300 வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதைய வகுப்புகள் அதையே கால், அரை, கால் என்று பங்கு போட்டுச் சொல்கின்றன: இரண்டு மணி நேரப் படத்தில் முதல் 30 நிமிடம் அறிமுகம், அடுத்த 60 மோதல், கடைசி 30 முடிவு. இது ஒரு வரைபடம் மாதிரி, தொலைந்துபோனால் எடுத்துப் பார்க்கலாம். 25ஆம் பக்கத்தில் திருப்புமுனை வரவில்லையே என்று கவலைப்படும் ஆட்களை வகுப்புக்கு வகுப்பு பார்க்கிறேன், பாவமாக இருக்கும்.

பக்க எண்ணைவிட எனக்கு உதவியது ஒரு கேள்வி: எந்த இடத்துக்கு அப்புறம் இவர்களால் பழையபடி வாழ முடியாது? மீரா பயிற்சிக்கு வருவது அப்படி ஒரு இடம் இல்லை, அவள் நாளைக்கே நிறுத்திவிடலாம். சேகருக்கு விஷயம் தெரிவதுதான் அந்த இடம். இடைவேளை விடுகிற சினிமாவில் அங்கேதான் இன்டர்வெல் பிளாக் வைப்பார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முன்னால் என்ன வர வேண்டும், பின்னால் என்ன வர வேண்டும் என்பது ஓரளவு தானாகவே விழும்.

இதைப் படிப்பதைவிடப் பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. நீங்கள் ஏற்கெனவே நாலைந்து தடவை பார்த்த படம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள், பக்கத்தில் நிமிடத்தையும் குறியுங்கள். இதுதான் சீன் ஆர்டர். பிடித்த படமாக இருப்பதைவிடக் கதை நன்றாகத் தெரிந்த படமாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் படத்துக்குள் விழுந்துவிடுவீர்கள். முடிந்ததும் பாருங்கள், எந்தக் காட்சியை உருவினால் கதை இடிந்துவிடும், எதை உருவினால் ஒன்றும் ஆகாது? ஒரே ஒரு படத்துக்கு இதைச் செய்தாலே இரண்டு வாரப் பாடம் மிச்சம்.

காட்சிதான் எல்லாம்

வகுப்பு நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள் என்பேன். ஒரு காட்சியில் ஒருவருக்கு ஏதோ வேண்டும், இன்னொருவரோ வேறு எதுவோ அதைக் கொடுக்க மறுக்கிறது, காட்சி முடியும்போது நிலைமை மாறியிருக்கிறது. எல்லா ஆசிரியர்களும் சொல்வது சுற்றிச் சுற்றி இதைத்தான். கேட்கும்போது எளிதாக இருக்கும். நாம் எழுதும் முதல் காட்சி மட்டும் எப்படியோ இப்படித்தான் வரும்:

மீரா: கல்யாணமாகி 12 வருஷத்துல எனக்குன்னு ஒரு முடிவு நான் எடுத்ததே இல்ல. அதான் கார் ஓட்டக் கத்துக்கணும்னு தோணுச்சு.
சேகர்: நான் உன்னை எதுலயுமே கட்டுப்படுத்தினதில்லையே, மீரா.

இருவரும் தங்களைப் பற்றித் தாங்களே கட்டுரை வாசிக்கிறார்கள். பார்வையாளருக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை. அதே விஷயத்தை அவர்கள் சொல்லாமல் எழுதிப் பார்க்கலாம்:

உள் – பயிற்சி கார் – காலை

மீரா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில் சேகர்.

சேகர்: கிளட்சை மெதுவா விடு.
மீரா: மெதுவாத்தான் விடறேன்.
சேகர்: இன்னும் மெதுவா.

கார் குலுங்கி அணைகிறது. பின்னால் ஹாரன் சத்தம்.

சேகர்: தள்ளு, நான் எடுக்கறேன்.
மீரா: முதல்ல உங்க காலை எடுங்க.

சேகர் குனிந்து பார்க்கிறான். பயிற்சியாளருக்கான பிரேக்கின் மேல் அவன் கால் அழுந்தியிருக்கிறது.

இதில் கல்யாணம் என்ற வார்த்தையே இல்லை, ஆனால் அந்த 12 வருஷமும் அந்தக் காலுக்கடியில் இருக்கிறது. உள்ளர்த்தம் உள்ளர்த்தம் என்று வகுப்பில் ஒரு முழுப் பாடம் எடுப்பார்கள், அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவையில்லை: இருவருக்கும் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள், சண்டையை அந்த வேலையைப் பற்றிய சண்டையாக எழுதுங்கள். கிளட்ச், கதவுத் தாழ்ப்பாள், மடிக்க வேண்டிய போர்வை, எதுவாகவும் இருக்கலாம்.

காட்சி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதையும் கவனியுங்கள். அவர்கள் வீட்டிலிருந்து கிளம்புவது, காரில் ஏறுவது, பெல்ட் போடுவது, குட் மார்னிங் எதுவும் இல்லை. முடிவில் அவன் மன்னிப்புக் கேட்பதும் இல்லை. எழுதி முடித்த காட்சியில் முதல் மூன்று வரியையும் கடைசி இரண்டு வரியையும் விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். பத்துக்கு ஏழு தடவை அவை இல்லாமலேயே காட்சி ஓடும்.

நடப்பதைச் சொல்லும் வரிகளில் கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் மட்டும்தான் வர வேண்டும், நிகழ்காலத்தில். சிறுகதை எழுதிப் பழகியவர்கள் (நான் உட்பட) இங்கே நிறையத் தடுமாறுவோம். 'மீராவைக் குற்ற உணர்ச்சி அரித்தது' என்பதைக் கேமரா எடுக்க முடியாது. 'வாசலில் செருப்புச் சத்தம். மீரா விண்ணப்பத்தைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளுகிறாள்' என்றால் எடுக்க முடியும். நினைத்தாள், உணர்ந்தாள், ஞாபகம் வந்தது போன்ற சொற்கள் வரும் இடத்தையெல்லாம் வட்டமிட்டு, அதற்குப் பதில் என்ன செய்கிறாள் என்று கேட்டால் போதும், வாரம் ஒரு பக்கம் இப்படித் திருத்தினாலே கை மாறிவிடும்.

பார்வையாளருக்கு எதை எப்போது தெரிவிப்பது என்பது இன்னொரு பெரிய விஷயம். த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு எல்லா வகுப்பிலும் வரும்: குண்டு திடீரென்று வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி, குண்டு இருப்பது நமக்கு மட்டும் முன்பே தெரிந்தால் 15 நிமிடப் பதற்றம். நம் கதையில் மீராவின் திட்டம்தான் குண்டு. அதை முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டால், சேகர் பொறுமையாகக் கியர் மாற்றச் சொல்லித்தரும் ஒவ்வொரு தடவையும் நமக்கு உறுத்தும். அவனோடு சேர்ந்துதான் நமக்கும் தெரியும் என்றால் அது வேறு படம். இரண்டு மாதிரியும் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பது நல்ல வீட்டுப்பாடம், ஆசிரியர் கொடுக்காவிட்டாலும் நீங்களே செய்யுங்கள்.

வசனத்துக்கு ஒரே வழிதான், சத்தமாகப் படிப்பது. எழுத்துத் தமிழில் யோசித்துப் பேச்சுத் தமிழில் மாற்றி எழுதினால் அது நாடக மேடை வாடை அடிக்கும். முதலில் வாயால் பேசி, பிறகு எழுதுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, எது யார் பேசுவது என்று கேளுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் எல்லோரும் உங்கள் குரலிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வாரத்தை எப்படி ஓட்டுவது

பாடம் ஒரு மணி நேரம் என்றால் எழுத மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், முடியாதென்றால் பாடத்தைக் குறையுங்கள், எழுதுவதைக் குறைக்காதீர்கள். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம், தப்பில்லை. கிடைக்கும் நேரத்தில் திரைக்கதைகளைப் படியுங்கள். பிபிசியின் எழுத்தாளர் தளத்தில் தொலைக்காட்சித் தொடர்களின் பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆஸ்கர் விருதுக் காலத்தில் ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் போட்டியில் இருக்கும் படங்களின் திரைக்கதைகளைத் தங்கள் தளங்களில் போடுவதுண்டு. படம் பார்ப்பதற்கு முன்னால் படித்துவிட்டு, அப்புறம் படத்தைப் பார்த்தால், தாளில் இருந்தது எது, இயக்குநரும் நடிகரும் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

உங்கள் பக்கத்துக்குக் கருத்து வரும்போது முதல் நாள் கோபம்தான் வரும். பதில் எழுதாதீர்கள். "அது ஏன் அப்படின்னா..." என்று விளக்க ஆரம்பித்தால் அந்த விளக்கம் பக்கத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் அங்கே குழி இருக்கிறது. அவர்கள் சொல்லும் பரிகாரம் பெரும்பாலும் அவர்கள் எழுத விரும்பும் படத்துக்கானது, அதை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் பிறருக்குக் கருத்துச் சொல்லும்போதும், எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்த இடத்தில் புரியவில்லை என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள், இதைச் செய்யச் செய்ய உங்கள் பிரதியில் அதே தப்பு கண்ணில் படத் தொடங்கும். நான் ஆசிரியர்களிடம் கற்றதைவிட இதில் கற்றதே அதிகம்.

முதல் பிரதி முடிந்ததும் வகுப்புத் தோழர்கள் நாலு பேரை வீடியோ அழைப்பில் சேர்த்து அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு பாத்திரமும் எடுக்காதீர்கள், கையில் பென்சிலோடு சும்மா கேளுங்கள். ஒருவர் வசனத்தைத் தடுமாறிப் படித்தால் கோடு, ஒருவர் தன்னை அறியாமல் சிரித்தால் ஒரு டிக். அடுத்த பிரதிக்கான வேலைப் பட்டியல் அதுதான்.

கதையைத் திருடிவிடுவார்களோ என்று பயந்து பகிராமல் இருப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது உண்டு. படைப்பாளிகளின் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதிய நொடியிலேயே காப்புரிமை எழுதியவருக்குத்தான், பதிவு செய்தால்தான் உரிமை என்றில்லை. ஆனால் காப்புரிமை எழுதப்பட்ட பிரதிக்குத்தான், மனதில் இருக்கும் யோசனைக்குக் கிடையாது. தேதியோடு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், சட்டப்படி பெரிய ஆயுதம் இல்லை, ஆனால் எந்தப் பிரதி எப்போது எழுதியது என்ற குழப்பம் இருக்காது.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். பல தளங்களில் வகுப்பு முடிந்து கொஞ்ச நாளில் உள்ளே நுழையும் அனுமதி போய்விடும், சக மாணவர்கள் உங்கள் பக்கத்துக்கு எழுதிய கருத்துகளும் அதோடு போகும். நான் அப்படி 9 வாரக் கருத்துகளை இழந்தேன். கடைசி வாரம் தொடங்கும்போதே எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள், ஒழுங்காகக் கருத்துச் சொன்ன இரண்டு பேரின் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது பிரதியை அவர்களுக்குத்தான் அனுப்பப்போகிறீர்கள்.